கப்பல் மூழ்கினால் யாரைக் கேட்பது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

மும்பை செம்பூரிலிருந்து எழுதுகிறேன். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதிக் கடற்படையில் சேரப்போகிறேன் என்கிறாள். பசிபிக் தீவான சமோவா பக்கம் மூழ்கிய நியூசிலாந்துக் கடற்படைக் கப்பலின் செய்தியை என் அண்ணன் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு, “பொம்பளைய கேப்டனாக்கினா இதான் நடக்கும்” என்று எழுதிவிட்டார். மகள் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள். அந்தக் கேப்டன் பெண் என்பது உண்மைதானே அக்கா? பெண் என்பதற்காக அவரைக் கேள்வியே கேட்கக் கூடாதா? எனக்கே குழப்பமாக இருக்கிறது.

வாசகி, செம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

கேள்வி கேட்கலாம், கேட்டே ஆக வேண்டும். கப்பலில் எது நடந்தாலும் கேப்டன்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்பது கடலில் காலங்காலமாக உள்ள வழக்கம், அதில் ஆண் பெண் என்று சலுகை கிடையாது. உங்கள் அண்ணன் அவர் செய்ததைப் பற்றிக் கேட்கவில்லை, அவர் பெண் என்பதையே குற்றமாக்கிவிட்டார். என் கோபம் அதில்தான்.

நடந்தது இது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி மாலை, ‘மனவானுய்’ என்ற அந்தக் கடலாய்வுக் கப்பல் சமோவாவின் உபோலு தீவுக்குத் தெற்கே பவளப்பாறையில் ஏறி, தீப்பிடித்து, மறுநாள் காலை மூழ்கியது. கப்பலில் இருந்த 75 பேரும் உயிர் பிழைத்தார்கள். இருட்டில், பாறைகளுக்கு நடுவே, எல்லாரையும் உயிரோடு கப்பலைவிட்டு இறக்கியதும் அதே கேப்டன்தான், அதை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை. விசாரணையில் என்ன தெரிந்தது? கப்பல் தானாகவே ஓடும் ஆட்டோபைலட்டில் இருந்திருக்கிறது. அதை யாரும் எடுத்துவிடவில்லை. திருப்பினால் திரும்பவில்லை என்றதும், இயந்திரம் பழுது என்று நினைத்துவிட்டார்கள். பயிற்சி, திட்டமிடல், மேற்பார்வை என்று பல இடங்களில் குறை இருந்ததை அறிக்கை எழுதிவைத்திருக்கிறது. கேப்டன் உட்பட மூன்று பேர் மீது ஒழுங்கு நடவடிக்கை என்றும் சொன்னார்கள். சரி, முறைப்படி நடக்கட்டும்.

இப்போது இன்னொரு கப்பல். 2017 ஆகஸ்ட் 21, சிங்கப்பூர் அருகே அமெரிக்காவின் ‘ஜான் எஸ். மெக்கெயின்’ போர்க்கப்பல் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதியதில் 10 மாலுமிகள் செத்துப்போனார்கள். அங்கேயும் சுக்கான் வேலை செய்யவில்லை என்றுதான் நினைத்தார்கள். உண்மையில் அது நன்றாகத்தான் இருந்தது. தொடுதிரையில் வேகக் கட்டுப்பாட்டை ஒரு மேசையிலிருந்து பக்கத்து மேசைக்கு மாற்றும்போது சுக்கானின் கட்டுப்பாடும் அங்கே போய்விட்டது, அது யாருக்கும் புரியவில்லை, புரிவதற்குள் குறுக்கே திரும்பிவிட்டது. விசாரித்தவர்கள், பயிற்சியும் நடைமுறையும் சரியில்லை, கடற்படை மேலிடத்தின் மேற்பார்வை போதவில்லை என்றார்கள். அப்புறம் அமெரிக்கக் கடற்படை அந்தத் திரைகளை எடுத்துவிட்டுக் கையால் தள்ளும் பழைய விசைகளையே திரும்ப வைக்க முடிவு செய்தது. இரண்டு கப்பலிலும் ஒரே மாதிரி தப்பு: கட்டுப்பாடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இயந்திரத்தைக் குறை சொன்னது. மெக்கெயினின் கேப்டன் ஆண். ஆம்பளைகளிடம் கப்பலைக் கொடுக்கலாமா என்று அன்று உங்கள் அண்ணன் கேட்டாரா?

நமக்கு இடைஞ்சலான உதாரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே ஆண்டு ஜூனில் ஜப்பான் அருகே அமெரிக்காவின் ‘ஃபிட்ஸ்ஜெரால்ட்’ போர்க்கப்பல் ஒரு சரக்குக் கப்பலோடு மோதி 7 பேர் இறந்தார்கள். அப்போது மேல்தளத்தில் கப்பலை நடத்திக்கொண்டிருந்த அதிகாரி பெண். ராணுவ நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், தண்டனையும் பெற்றார். அது சரிதான். பெண் என்று யாரும் அவரைக் காப்பாற்றவில்லை, காப்பாற்றவும் கூடாது. ஆனால் அங்கே ஆண் கேப்டன் மீதும் நடவடிக்கை வந்தது, ஏழாவது கடற்படைப் பிரிவின் தளபதியும் பதவி இழந்தார். கேள்வி மேலே வரைக்கும் போனது.

நம் மும்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013 ஆகஸ்டில் இங்கே டாக்யார்டில் சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் போனார்கள். 2014 பிப்ரவரி 26 அன்று சிந்துரத்னா நீர்மூழ்கியில் புகை சூழ்ந்து இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அன்றைக்கே கடற்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் டி.கே. ஜோஷி தார்மிகப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். இந்த நாட்டில் அப்படி ஒருவர் பதவியை விட்டுப் போனது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

2024 டிசம்பர் 18, நீல்கமல் படகு. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா தீவுக்குப் போகும் லாஞ்சில் நீங்களும் போயிருப்பீர்கள். விருந்தாளி வந்தால் நாம் எல்லாரும் கூட்டிப்போகிற இடம், மேல்தளத்துக்குத் தனியாகக் காசு வாங்குவார்கள், இடது பக்கம் சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள் வரிசையாக நிற்கும், பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும். அந்தப் பாதையில், பிற்பகல் நேரத்தில், புது இன்ஜினை வைத்துச் சோதனை ஓட்டம் விட்ட கடற்படை விரைவுப்படகு கட்டுப்பாடு இழந்து மோதியது. 15 உயிர். வழக்கு, விரைவுப்படகை ஓட்டியவர் மீது. ஓட்டியவர் பதில் சொல்லட்டும். ஆனால் பயணிகள் போய்வரும் பாதையில் சோதனை ஓட்டத்துக்கு அனுமதி கொடுத்தது யார்? எனக்கு அந்தப் பதில்தான் வேண்டும்.

உங்கள் மகளுக்காக ஒன்று. நம் கடற்படை வாங்கிய ரஷ்யக் கப்பல்களில் பெண்களுக்குக் குளியலறை இல்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொன்ன அரசின் வாதத்தைத் தள்ளி, உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் கடற்படைப் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி உரிமை கொடுத்தது. 2025 மே மாதம் என்டிஏவிலிருந்து முதல் பெண்கள் அணி, 17 பேர், பயிற்சி முடித்து வெளியே வந்தது. அதே மாதக் கடைசியில் புதுச்சேரிப் பெண் ரூபாவும் கேரளத்துத் தில்னாவும் ‘தாரிணி’ பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவிட்டுக் கோவாவில் வந்து இறங்கினார்கள், அவர்கள் இருவர் மட்டும்தான் படகில்.

அண்ணனிடம் சண்டை வேண்டாம். தாய்மாமன், நாளைக்கு அந்தப் பெண்ணை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வரப்போகிறவரும் அவர்தான். மெக்கெயின் கதையைக் குழுவில் போட்டு, இது ஏன் நடந்தது அண்ணா என்று மட்டும் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.