கடைக்காரர் சொல்வதா, மகன் சொல்வதா?

கேள்வி: லேப்டாப் வாங்கியபோது கூடவே வந்த ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது. லேப்டாப்பைத் திறந்தால் போதும், வலது மூலையில் சிவப்புப் பெட்டி, 'ஆபத்து, உடனே புதுப்பியுங்கள்' என்று. கடைக்காரர் மூன்று வருடத்துக்கு 'டோட்டல் செக்யூரிட்டி' போடச் சொல்கிறார், மகன் எதுவுமே வேண்டாம் என்கிறான். பேங்க் வேலையும் கரன்ட் பில்லும்தான் இதில் பார்க்கிறேன். எதை வாங்குவது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: மகன் சொல்வது முக்கால்வாசி சரி.

2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்தே டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸோடு சேர்ந்து வருகிறது, தனியாகக் காசு கிடையாது. ஆரம்பத்தில் அதை யாரும் மதிக்கவில்லை, நானும்தான். இப்போது ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் போன்ற பரிசோதனைக் கூடங்களில் விலை கொடுத்து வாங்குபவற்றோடு சரிக்குச் சரி மார்க் வாங்குகிறது.

ஒரு சிக்கல், வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். அதனால் முதல் வேலையாக அந்தச் சிவப்புப் பெட்டிக்காரரை செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, ரீஸ்டார்ட் பண்ணி, ஸ்டார்ட்டில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, பச்சை டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் சரி. இரண்டு இருந்தால் இரட்டைக் காவல் என்று நினைத்து நானும் ஒரு காலத்தில் இரண்டு ஆன்டிவைரஸை ஒன்றாகப் போட்டேன். ஒன்றை ஒன்று திருடன் என்று பிடித்துக்கொண்டு நின்றதில், கணினி திறப்பதற்குள் டீயே ஆறிவிடும்.

மீதிக் கால்வாசி, எந்த ஆன்டிவைரஸாலும் முடியாதது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவி, ஃபைல்களைப் பூட்டிவிட்டு 300 டாலர் பிட்காயின் கேட்டதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. 'பிறகு நினைவூட்டு' என்று தள்ளிப்போட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். ஆகவே அப்டேட்டைப் போட்டுவிடுங்கள், கடைக்காரருக்குக் கொடுக்க இருந்த பணத்தில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, போட்டோ, பத்திர நகல் எல்லாம் அதில் எடுத்து வையுங்கள். எடுத்ததும் கழற்றிவிட வேண்டும், செருகியே வைத்திருந்தால் இந்த மாதிரி வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

பேரப்பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும், வீட்டில் நாலைந்து மெஷின் இருக்கிறது என்றால் வாங்குவதில் தப்பில்லை. ஆன்டிவைரஸ் கம்பெனி சென்னையிலேயே கே7 இருக்கிறது, புனேயில் குயிக் ஹீல். ஆனால் முதல் வருடத் தள்ளுபடியைப் பார்த்து மயங்காமல் இரண்டாம் வருடம் எவ்வளவு என்று கேளுங்கள். இலவசம் என்றும் ஏமாற வேண்டாம்: இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட், பயனாளர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக 2024-ல் அமெரிக்காவில் 1.65 கோடி டாலர் கட்ட நேர்ந்தது.

கேள்வி: ஆன்டிவைரஸ் புதிதாகப் போட்ட பிறகும் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று மூலையில் வந்துகொண்டே இருக்கிறது. எல்லாம் ஸ்கேன் செய்தாகிவிட்டது, ஒன்றும் சிக்கவில்லை. (வாசகர், விருதுநகர்)

பதில்: சிக்காது, ஏனென்றால் அங்கே வைரஸே இல்லை. எப்போதோ ஏதோ ஒரு தளம் 'ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கும், நீங்களும் அழுத்தியிருப்பீர்கள். வருவது அந்தத் தளத்தின் நோட்டிஃபிகேஷன். பெட்டியை உற்றுப் பாருங்கள், வைரஸ் எச்சரிக்கைக்குக் கீழே சின்ன எழுத்தில் குரோம் பெயரும் ஏதோ வாயில் நுழையாத தள முகவரியும் இருக்கும். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்துக்குப் போய் அந்த முகவரியை நீக்கினால் அன்றோடு நின்றுவிடும். அதில் வரும் போன் நம்பருக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். ஏற்கெனவே கூப்பிட்டுப் பணம் போய்விட்டதென்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

கேள்வி: விண்டோஸ் 10 ஓடும் பழைய டெஸ்க்டாப். நல்ல ஆன்டிவைரஸ் போட்டு ஓட்டிவிடலாமா? (வாசகர், சேலம்)

பதில்: சுவர் இடிந்திருக்கிறது, நீங்கள் வாட்ச்மேனைத் தேடுகிறீர்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு, அதாவது ஓட்டைகளை அடைக்கும் அப்டேட், 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு கொடுத்தார்கள், அது தற்காலிகம்தான். விண்டோஸ் 11 ஏறாது என்றால், பிரவுசரும் கடிதம் அடிப்பதும்தான் வேலை என்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் மின்ட் போதும், 4 ஜிபி ராமில் ஓடும். விண்டோஸை அழிப்பதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, உங்கள் பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.