வால்யூமைக் குறைத்தும் நிற்காத முனகல்

நீங்கள் கட்டிய வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஏன் முனகுகிறது என்று கேட்டிருந்தீர்கள். கிட்டார் ஒயரைக் கழற்றி, வால்யூமை முழுவதும் குறைத்த பின்னும் முனகல் ஒரே சீராகக் கேட்கிறதென்றால், கோளாறு உங்கள் ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே, வால்யூமுக்குப் பிந்தைய பகுதியில்தான் இருக்கிறது. சோமனூரில் வீட்டை ஒட்டிய விசைத்தறிக் கூடத்தைச் சந்தேகிக்கிறீர்கள். ஆனால் தறி மோட்டார்களால் வரும் இரைச்சல் பெரும்பாலும் கரகரப்பாக, விட்டுவிட்டு வரும்.

ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வாக ஒற்றை ஈஎல்84-ஐ வைத்துக் கட்டியிருப்பதால், மின்வழங்கியில் மின்னழுத்த அலைவைச் சீராக்கும் முதல் ஃபில்டர் கெப்பாசிட்டரையே நான் முதலில் பார்ப்பேன். இரு பவர் வால்வுகள் எதிரெதிராக இயங்கும் புஷ்-புல் அமைப்பில் பெருமளவு தானாகவே ரத்தாகிவிடும் 100 ஹெர்ட்ஸ் அலைவு, ஒற்றை வால்வில் ஸ்பீக்கர் வரை வந்துவிடும்.

மின்சாரத்தை நிறுத்தி, வால்வு ஆறிய பின் ஈஎல்84-க்கு முந்தைய சிறு வால்வான 12ஏஎக்ஸ்7-ஐக் கழற்றிவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். முனகல் நீடித்தால் கெப்பாசிட்டரை மாற்றுங்கள். நின்றுவிட்டால் வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் ஒயர்களை நெருக்கமாக முறுக்கி, வால்வுக்குள் சிக்னலைக் கொண்டுசெல்லும் கிரிட் ஒயரிலிருந்து விலக்கி, சேஸிஸை (உலோகச் சட்டத்தை) ஒட்டிக் கொண்டுபோங்கள். ஹீட்டர் சுற்றுக்கு நடுமுனை இல்லையென்றால், இரு முனைகளிலிருந்தும் தலா ஒரு 100 ஓம் ரெசிஸ்டரை எர்த்துக்கு இணைப்பது அவசியம். எர்த் போல்ட்டின் அடியையும் பாருங்கள்: என்னுடைய ஆம்ப்ளிஃபயரில் வாஷருக்குக் கீழே மெல்லிய பெயின்ட் படலம் இருந்தது, அதை உப்புத்தாளால் தகரம் பளபளக்கும்வரை தேய்த்த பிறகே சத்தம் அடங்கியது.

சுவிட்சை அணைத்த பின்னும் அந்த ஃபில்டர் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக அதிலுள்ள மின்சாரத்தை வெளியேற்றி, மீட்டர் சுழியத்தைக் காட்டும்வரை உள்ளே கை வைக்காதீர்கள்.