விட்ட இடத்துக்குத் திரும்பும் வரி எங்கே?

கேள்வி: தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். மில்டனின் ‘லிசிடஸ்’, கவிதைக்காக வாதாடும் சிட்னியின் கட்டுரை, பர்ட்டனின் ‘அனாடமி ஆஃப் மெலன்கலி’யில் சில பகுதிகள் பாடமாக உள்ளன. மூவருமே சொல்லவந்ததை விட்டுவிட்டு எங்கோ போய்விடுகிறார்கள். பின்னாலேயே போனால் நூல் அறுந்துவிடுகிறது. தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. அந்தப் பகுதிகளைத் தாண்டிவிடலாமா? ‘டைக்ரஷன்’ (சொல்லவந்ததை விட்டு விலகிப்போதல்) பற்றிக் கேள்வி வந்தால் என்ன எழுதுவது?

பதில்: தாண்ட வேண்டாம். நேரம் போதாது என்றால் மற்றதை வேகமாகப் படியுங்கள். இந்தப் பகுதிகளை மட்டும் நிதானமாகப் படியுங்கள். 16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர்கள் பாதையை விட்டு இறங்கும்போது பெரும்பாலும் தெரிந்தேதான் இறங்குகிறார்கள். சிசரோ, குவின்டிலியன் என்ற ரோமானியர்கள் வழியாக வந்த லத்தீன் பேச்சுக்கலையைப் பள்ளியிலேயே படித்தவர்கள் அவர்கள். அந்தக் கலையில் விலகிப்போவதும் ஓர் உத்தி. 1553இல் தாமஸ் வில்சன் ஆங்கிலத்தில் எழுதிய பேச்சுக்கலை நூலில் விலகிப்போவதற்கு ஒரு தலைப்பு உண்டு. விஷயத்துக்குத் திரும்பி வருவதற்கும் தனியாக ஒரு தலைப்பு உண்டு. 1589இல் வெளியான, ஜார்ஜ் பட்டன்ஹாம் எழுதியதாகக் கருதப்படும் நூலோ, இந்த அணிக்குக் ‘கூட்டத்தை விட்டு விலகித் திரிபவன்’ என்ற பொருளில் ஒரு செல்லப்பெயரே வைத்தது.

திரும்புவதற்கும் ஒரு தலைப்பு இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆசிரியர் எங்கே வெளியேறினார் என்று தேடுவதால்தான் உங்களுக்கு நூல் அறுந்துபோகிறது. வெளியேறும் இடம் சட்டென்று கண்ணில் படாது. திரும்பும் இடம் நன்றாகத் தெரியும். நாம் பேச்சில் “சரி, விட்ட இடத்துக்கு வருவோம்” என்கிறோமே, அப்படி ஒரு வரி அநேகமாக இருக்கும். முதலில் அந்த வரியைப் பென்சிலால் குறியுங்கள். அப்புறம் அங்கிருந்து பின்னோக்கிப் போய்ப் படியுங்கள்.

‘லிசிடஸ்’ இதற்கு நல்ல பயிற்சி. 1637 ஆகஸ்டில் ஐரிஷ் கடலில் மூழ்கி இறந்த எட்வர்ட் கிங்குக்கான இரங்கல் பாட்டு அது. பாட்டில் அவருக்கு வைத்த பெயர்தான் லிசிடஸ். மில்டனும் அவரும் கேம்பிரிட்ஜில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். மொத்தம் 193 வரிகள். அதில் இரண்டு இடங்களில் இரங்கல் நின்றுபோகிறது. 64 முதல் 84 வரை, ‘இளமையிலேயே சாகப்போகிறோம் என்றால் இவ்வளவு உழைத்துப் புகழ் தேடி என்ன பயன்?’ என்ற கேள்வியும் அதற்குக் கவிதையின் கடவுளான அப்பல்லோ தரும் பதிலும். 108 முதல் 131 வரை புனித பேதுரு வந்து, தகுதியில்லாத குருமார்களைக் ‘குருட்டு வாய்கள்’ என்று சாடுகிறார். பசித்த ஆடுகள் அண்ணாந்து பார்க்கின்றன, தீனி கிடைக்கவில்லை என்கிறார். இரண்டையும் சேர்த்தால் கவிதையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. இதைத் தாண்டிவிட்டால் என்ன மிஞ்சும்?

இப்போது திரும்பும் வரிகளைப் பாருங்கள். முதல் விலகல் முடிந்ததும், ‘நான் கேட்ட அந்தச் சுருதி இன்னும் உயர்ந்தது, என் குழல் இனி தன் பாட்டைத் தொடரட்டும்’ என்கிறார். இரண்டாவது முடிந்ததும், 132ஆம் வரியில், ‘திரும்பி வா, அல்ஃபியஸ், உன் நீரோட்டத்தைச் சுருங்கவைத்த அந்தப் பயங்கரக் குரல் போய்விட்டது’ என்று ஒரு நதியை அழைக்கிறார். அல்ஃபியஸ் கிரேக்க நாட்டு ஆறு. அது கடலுக்கு அடியில் மறைந்து ஓடி சிசிலியில் மறுபடி மேலே வருகிறது என்பது பழங்கதை. தண்ணீரில் மூழ்கிய நண்பனுக்கான பாட்டில், மூழ்கி எழும் நதியை அழைத்துக்கொண்டு மில்டன் திரும்பி வருகிறார். பாட்டின் கடைசியில் லிசிடஸும், ஆழத்தில் அமிழ்ந்தவன், உயரே எழுந்துவிட்டான் என்கிறார் அல்லவா? அதற்கான அச்சாரம் இங்கேயே விழுந்துவிட்டது. எனக்கு இந்தக் கவிதையில் மிகவும் பிடித்த வரி இதுதான்.

இனிப் பின்னோக்கிப் போங்கள். பேதுருவுக்கு இங்கே என்ன வேலை? இறந்துபோன கிங் திருச்சபைப் பணிக்குப் போகவிருந்தவர். கவிதையோ ஆடு மேய்ப்பவர்கள் பாடும் மரபில் எழுதப்பட்டது. மேய்ப்பர் என்ற சொல் குருமாருக்கும் பொருந்தும் என்று தமிழ் விவிலியம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சொல்தான் வெளியே போகும் கதவு. ஏன் நேராகச் சொல்லவில்லை? 1637 ஜூனில்தான், பிஷப்புகளைத் தாக்கி எழுதிய மூன்று பேருக்கு லண்டனில் பொதுமக்கள் முன்னிலையில் காதை அறுத்தார்கள். அடுத்த ஆண்டு ‘லிசிடஸ்’ அச்சானபோது மில்டனின் முழுப்பெயர் இல்லை, முதலெழுத்துகள் மட்டும்தான். 1645 தொகுப்பில்தான், பிஷப்புகளின் அதிகாரம் சரிந்த பிறகு, ‘சீர்கெட்ட நம் குருமாரின் அழிவை இது முன்கூட்டியே சொல்கிறது’ என்று கவிதையின் தலைப்பில் துணிந்து சேர்த்தார். நேர்வழியில் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு பக்கவழி தேவைப்பட்டது.

சிட்னியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1595இல், அவர் இறந்த பிறகு வெளியான அந்தக் கட்டுரை ஒரு நீதிமன்ற வாதம் போல அமைந்தது. வாதம் முடிந்த பிறகு, இங்கிலாந்தில் மட்டும் கவிதை ஏன் இப்படி நலிந்துவிட்டது என்று விலகிப்போகிறார். ஆங்கிலக் கவிஞர்கள் சாசர், சர்ரே, ஸ்பென்சரின் ‘ஷெப்பர்ட்ஸ் காலண்டர்’ எல்லாம் அங்கேதான் வருகின்றன. விலகலுக்குள்ளேயே இன்னொரு விலகலாக பேச்சுக்கலையைப் பற்றிப் பேசிவிட்டு, ‘கவிதையிலிருந்து இப்படி வழிமாறிப் போனதற்கு என்னைப் பவுண்டில்தான் அடைக்க வேண்டும்’ என்கிறார். தெருவில் திரியும் மாட்டைப் பிடித்துக் கட்டிவைக்கிறார்களே, அதே பவுண்டுதான். குறிக்க வேண்டிய வரி அது.

பர்ட்டன் விலகலுக்குத் தலைப்பே கொடுத்துவிடுகிறார். 1621இல் வந்த அவருடைய நூல் மனச்சோர்வின் காரணம், வகை, சிகிச்சை பற்றியது. நல்ல காற்று மனச்சோர்வுக்கு மருந்து என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘காற்றைப் பற்றிய விலகல்’ வருகிறது. கையிலிருந்து சீழ்க்கையடித்துப் பறக்கவிட்ட வல்லூறு வட்டமிட்டு உயர்வதுபோல நானும் கொஞ்சம் உலாவிவிட்டு வருகிறேன் என்று தொடங்குகிறார். குளிர்காலத்தில் பறவைகள் எங்கே போகின்றன, பூமி சுற்றுகிறதா, நரகம் எங்கே இருக்கிறது என்று கேள்வி மேல் கேள்வி. கோப்பர்நிக்கஸ், கலிலியோ, கெப்ளர் எல்லாரும் வருகிறார்கள். கடைசியில், கண்ணுக்கெட்டாத தூரம் வந்துவிட்டேன், சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுக்கிறது என்கிறார். கீழே அவருடைய வேட்டைநாய் இரையைக் கிளப்பிவிட்டதாம், இறங்கியே ஆகவேண்டும். மேலே போன அதே வல்லூறு கீழே வருகிறது, பாருங்கள். அவர் ஆக்ஸ்ஃபோர்டில் கல்லூரி நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர். வரைபடத்தில் தவிர வேறெங்கும் பயணம் போனதில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அடைந்து கிடக்கும் வாசகரை வெளிக்காற்றுக்குக் கூட்டிப்போவது அங்கே சிகிச்சையாகவே நடக்கிறது என்பது என் வாசிப்பு.

தேர்வில் உத்தியின் வரையறைக்கு இரண்டு வாக்கியம் போதும். அப்புறம் ஒரே ஒரு விலகலை எடுத்துக்கொண்டு, எந்தச் சொல்லைப் பிடித்து வெளியே போனார், போன இடத்தில் எதைச் சொல்ல முடிந்தது, எந்த வரியில் திரும்பினார் என்று வரி எண்ணோடு எழுதுங்கள். மூன்று நூல்களையும் தொட்டுத் தொட்டு எழுதுவதைவிட இது நல்ல மதிப்பெண் வாங்கித் தரும். வழிமாறுவதையெல்லாம் கலை என்று புகழவும் வேண்டாம். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகம் இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில் பொலோனியஸ் தன் வேலையாள் ரெனால்டோவிடம் பேசிக்கொண்டே போய், ‘நான் என்ன சொல்லவந்தேன்? எங்கே விட்டேன்?’ என்று நின்றுவிடுகிறார். ரெனால்டோதான் அடியெடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.