அம்மம்மாவின் கல்வெட்டு

அன்புள்ள ஐயா,

எங்கள் அம்மம்மா இரண்டு கிழமைக்கு முன் கொழும்பு வெள்ளவத்தையில் காலமானார். வயது 92. கொட்டாஞ்சேனையில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்தவர். கோயில் தொண்டு, சமூகசேவை, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று நிறைவாக வாழ்ந்தவர். 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், அடிக்க வேண்டும். வாழ்க்கை வரலாறு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. வெண்பா பாடத் தெரிந்த ஒருவரைத் தேடுவதா, வசனத்தில் எழுதினால் போதுமா? படங்களைக் கலரில் போடலாமா? கனடாவில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்திலும் எழுதலாமா? சின்ன மாமா வேதக்கார (கிறிஸ்தவ)ப் பெண்ணைக் கட்டியதால் அம்மம்மா பல வருஷம் அவரோடு கதைக்கவில்லை. அதை விட்டுவிடுவதா?

இன்னொன்று. 83 இனக்கலவரத்துக்குப் பிறகு அம்மம்மா பள்ளிக்கூடம் போகும்போது, தமிழர் என்று தெரியக்கூடாது என்று வாசலில் நின்று சேலைத் தலைப்பால் பொட்டை அழித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவாராம். பின்னேரம் வந்ததும் கால் கழுவி, சாமியறையில் திரும்ப வைப்பாராம். அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன். பெரிய மாமா அதை வெட்டச் சொல்கிறார். பக்தி குறைந்தவர் போலத் தெரியுமாம்.

ம.

அன்புள்ள ம.,

92 வயது என்றதும் வருகிறவர்கள் எல்லாரும் ஆண்டு அனுபவித்த சீவன்தானே என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் மடியில் வளர்ந்த பேத்திக்கு அது ஆறுதல் இல்லை என்று எனக்குத் தெரியும். அழ வேண்டியதை அழுங்கள். எழுத்து அதற்குப் பிறகு வரட்டும்.

இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா ஒன்று போடுங்கள், ஆண்டுத் திவசத்துக்கு உதவும். மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் எல்லாம் வேண்டாம். பெயரை மாற்றினால் எந்த வீட்டுக்கும் பொருந்துகிற பாட்டுகள் அவை. கலர் உங்கள் வசதி. ஆங்கிலம் கட்டாயம் போடுங்கள். சின்ன மாமாவின் கதை அவருக்கும் மாமிக்கும் சொந்தமானது. இரண்டு பேரும் ஓம் என்றால் எழுதுங்கள்.

பொட்டுக்கு வருகிறேன். உங்கள் பெரிய மாமா துக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்தும் எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது. அவருடைய தாய் ஒவ்வொரு நாளும் பயந்து பயந்து பஸ் ஏறி, ஊரார் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு, வீடு வந்து முதல் வேலையாகக் குங்குமச் சிமிழைத் திறந்திருக்கிறார். அதையா பக்தி குறைந்தது என்கிறார்? பயமில்லாத காலத்தில் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கதிரேசன் கோயிலுக்குப் போவது எல்லாருக்கும் முடிகிற காரியம். காலையில் அழித்ததைப் பின்னேரம் திரும்ப வைக்கிற கைக்குத்தான் வைராக்கியம் வேண்டும். அந்த நாட்களில் கொழும்பில் எத்தனையோ தமிழ்ப் பெண்கள் அப்படித்தான் வெளியே போய் வந்தார்கள். அதில் உங்கள் அம்மம்மாவுக்கு என்ன வெட்கம்? வெட்கப்பட வேண்டியவர்கள் அவரை அந்த நிலைக்குத் தள்ளியவர்கள். நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட வெட்டாதீர்கள்.

ஆனால் உங்களையும் நான் விடப் போவதில்லை. பொட்டைப் பற்றி இவ்வளவு வடிவாக எழுதிய நீங்கள், 'கோயில் தொண்டு, சமூகசேவை' என்று அரை வரியில் கடந்து போய்விட்டீர்களே. என்ன தொண்டு? யாருக்குச் சேவை? இதைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்து கிளறிவிட்டது.

என் பெரியம்மா கொட்டாஞ்சேனையில் இருந்தவர். 1983 ஜூலை 25ஆம் தேதி அவருடைய வீடு எரிந்தது. பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் அகதியாக இருந்த சனத்தோடு நாங்களும் இருந்தோம். நான் அப்போது சின்னப் பையன். கட்டின துணியோடு ஓடி வந்த கூட்டம் அது. குமர்ப் பிள்ளைகளுக்கு உடுப்பு மாற்ற ஒரு மறைவு இல்லை. பெரியம்மா யாரிடமோ ஒரு நூல் சேலை வாங்கி, ஒரு மூலையில் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு பிள்ளை போய் வர அடுத்த பிள்ளை போகும். கை உளையும்போது ஒரு தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு கையை மாற்றுவார். தான் கட்டி வந்த உள்பாவாடையைக் கிழித்து, மாதவிலக்கு வந்த பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாக மடித்துக் கொடுத்தார். அது என்ன துணி என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. காங்கேசன்துறைக்குக் கப்பலில் ஏற்றும் வரைக்கும் அவர் இருந்து சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

அவர் இறந்தபோது அடித்த கல்வெட்டு என்னிடம் இருக்கிறது. பெரியப்பாவின் உத்தியோக உயர்வுகளுக்கு ஒன்றரைப் பக்கம். மகன்மாரின் பட்டங்களுக்கு ஒரு பக்கம். பெரியம்மாவுக்கு, 'இனக்கலவரத்தின்போது சமூகசேவை ஆற்றினார்' என்று ஒரு வரி. அவர் பிடித்து நின்ற அந்தச் சேலையை இந்த வரியில் எங்கே தேடுவது? எழுதியவர் நல்ல மனிதர், கல்விமான். அந்த மூலையில் நடந்தது ஆண்கள் எழுதுகிற விஷயம் இல்லை என்று நினைத்திருப்பார்.

நம்முடைய சமயத்திலேயே பாருங்கள். அப்பரைக் கையில் உழவாரம் இல்லாமல் யாராவது படம் வரைவார்களா? பாட்டுப் பாடியவர் என்பதோடு நம் ஆட்கள் நிறுத்தவில்லை. கோயில் வீதியில் புல் செதுக்கினார், இன்ன ஆயுதத்தால் செதுக்கினார் என்றுவரை ஞாபகம் வைத்து, அந்த ஆயுதத்தையும் சிலையின் கையில் கொடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட நாம் வீட்டுப் பெண்கள் என்றால் மட்டும் 'தொண்டு' என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுகிறோம். கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலைக் கருங்கல்லால் கட்டியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்று எல்லாருக்கும் தெரியும். திருவெம்பாவைக் காலத்தில் விடியப்புறம் எழும்பி வந்து அந்தக் கல் தரையைக் கழுவிய பெண்களில் இரண்டு பேருடைய பெயரை யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

இதெல்லாம் வீட்டுக்குள் இருக்கிற விஷயம், கல்வெட்டில் எதற்கு என்று மாமா கேட்பார். 58இலும் 77இலும் 83இலும் நடந்த கலவரங்களில் நம் சனத்தின் பெட்டி, அல்பம், காணி உறுதி, கடிதம் எல்லாம் எரிந்தன. 1981இல் யாழ்ப்பாண நூலகமே எரிந்தது. எஞ்சியதில் இந்த மெல்லிய புத்தகங்களுக்குப் பெரிய இடம் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் அவற்றையும் தேடி எடுத்து இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. நான் அவற்றை இரவில் உட்கார்ந்து வாசிக்கிறவன். பிறந்த தேதி, படித்த பள்ளிக்கூடம், சம்பந்தம் செய்த குடும்பம் எல்லாம் கிடைக்கிறது. ஒரு மனுஷி கூப்பன் அரிசியில் எத்தனை வயிற்றை நிரப்பினாள், சீட்டுப் பிடித்து யாருடைய மகளின் பரீட்சைக் காசைக் கட்டினாள் என்று தேடினால் வெறும் 'உபசரிப்பில் சிறந்தவர்' வந்து நிற்கிறது. வாசித்து வாசித்து எனக்கு நெஞ்சு எரிகிறது, பிள்ளை.

உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அம்மம்மாவிடம் படித்தவர்களைத் தேடிப் பிடியுங்கள். ஒரு ஆசிரியைக்குக் கொட்டாஞ்சேனையில் மாணவர் கிடைக்காமல் போகாது. நல்லவர், அன்பானவர் என்று தொடங்கினால் நிறுத்தி, ஒரு நாள் நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். அவர் அடித்திருந்தால் அதையும் கேட்டு எழுதுங்கள். கோயிலில் அவரோடு பூக் கட்டிய கிழவிகள் இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள், அவர்களுக்கும் வயதாகிவிட்டது. பக்கத்து வீட்டில் சிங்களக் குடும்பம் இருந்திருந்தால் அவர்களையும் கேளுங்கள். 83இல் கதவு திறந்தார்களா, மூடினார்களா, எதுவானாலும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா சொல்லச் சொல்ல போனில் பதிவு செய்யுங்கள். அழுதால் நிறுத்துங்கள், அடுத்த நாள் தொடருங்கள்.

பக்கம் கூடுகிறது, அச்சகக்காரன் காசு கேட்கிறான் என்று மாமா சொன்னால் புலம்பலை வெட்டச் சொல்லுங்கள். பொட்டை வெட்டத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் என்னோடு கதைக்கச் சொல்லுங்கள். நான் வெள்ளவத்தைக்கு வந்து அவரோடு நேரில் கதைக்கிறேன். கல்வெட்டில் ஒரு பிரதி எனக்கு, இன்னொன்று நூலகம் திட்டத்துக்கு. மறக்க வேண்டாம்.