ப்ராக்ல காசு மாத்தறது எங்க, எப்படி: ஒரு வாசகிக்கு பதில்

ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தங்க எழுதிருக்காங்க. பையன் ஜெர்மனில படிக்கிறான், அக்டோபர்ல இவங்களும் வீட்டுக்காரரும் அவனைப் பாக்கப் போறாங்க, அப்படியே மூணு பேருமா ரயில்ல செக் நாட்டுத் தலைநகர் ப்ராக் போய் நாலு நாள் சுத்திட்டு வர்றதா பிளான். டிராவல் ஏஜென்ட் "அங்க எல்லா கடையிலயும் யூரோ வாங்கிப்பாங்க மேடம், ஆயிரம் யூரோ கேஷா வச்சுக்கோங்க, மீதியை யூரோ ஃபாரெக்ஸ் கார்டுல (முன்கூட்டியே வெளிநாட்டுக் காசு ஏத்தி வைக்கற கார்டு) போட்டுக்கலாம், வேணும்னா ஸ்டேஷன்லயே மாத்திக்கலாம்"னு சொல்லிருக்கார். ஆனா தெரிஞ்சவங்க ஒருத்தர் அங்க போய் மாத்தினப்ப மூணுல ஒரு பங்கு காசு காணாமப் போச்சாம். "ஊரைப் பாக்கறதா, பர்ஸைப் புடிச்சுட்டே நிக்கறதா?"ன்னு கேக்கறாங்க.

மேடம், ஊரைப் பாருங்க. ஆனா ஏஜென்ட் சொன்ன மூணுமே வேண்டாம்.

செக் நாடு ஐரோப்பிய யூனியன்ல இருக்கு, ஒரே விசால சுத்தற ஷெங்கன் நாடுங்கள்ல இருக்கு, ஆனா காசு மட்டும் அவங்க சொந்தக் காசு, கொருனா. ஒரு யூரோவுக்கு சுமார் 24 கொருனா சொச்சம் வரும், போற அன்னிக்கு போன்ல பாத்துக்கோங்க, நம்ம கணக்குக்கு ஒரு கொருனா நாலு ரூபாய் சொச்சம்னு வச்சுக்கிட்டா போதும். டூரிஸ்ட் கடைல யூரோ வாங்கிப்பாங்கங்கறது உண்மைதான். எந்த ரேட்ல வாங்குவாங்கங்கறதைத்தான் ஏஜென்ட் சொல்ல மாட்டார். அது கடைக்காரர் மனசுல வச்ச ரேட், மீதிச் சில்லறையும் கொருனாவாத்தான் கைக்கு வரும்.

இப்போ அந்த மாத்தற கடை விஷயம். பெருசா போர்டு வச்சிருப்பான், "கமிஷன் 0%"ன்னு கண்ணைப் பறிக்கற மாதிரி எழுதிருப்பான். கமிஷன் இல்லதான், ஏன்னா கொள்ளை முழுக்க ரேட்டுக்குள்ளயே இருக்கு. போர்டுல பெரிய எழுத்துல 24.50ன்னு இருக்கும், அது அவன் யூரோவை உங்களுக்கு விக்கற ரேட். நீங்க கொடுக்கற யூரோவை அவன் வாங்கற ரேட் வேற வரிசைல, பொடி எழுத்துல, 17ன்னோ 18ன்னோ இருக்கும். 200 யூரோ நீட்டினா நியாயமா 4,800க்கு மேல வரணும், 3,500 எண்ணி வைப்பான், ரசீதும் கொடுப்பான், எல்லாமே சட்டப்படிதான். பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, "வி பை" (We buy, அதாவது அவன் வாங்கற ரேட்) வரிசை. அதுல யூரோவுக்கு நேர என்ன இருக்குன்னு பாருங்க, போன்ல தெரியற ரேட்டோட ஒட்டி இருந்தா மாத்தலாம், ஒரு கொருனாவுக்கு மேல தள்ளி இருந்தா நடையைக் கட்டுங்க. காசை ஜன்னலுக்குள்ள தள்றதுக்கு முன்னாடி "டூ ஹண்ட்ரட் யூரோஸ், ஹவ் மெனி கொருனா?"ன்னு கேளுங்க, கால்குலேட்டர்ல காட்டச் சொல்லுங்க. ஸ்டேஷன், ஏர்போர்ட், ஓல்ட் டவுன் ஸ்கொயர் பக்கத்துல இருக்கற கடைங்க பக்கமே போகாதீங்க.

இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, யாரும் சொல்லித் தர்றதில்ல, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். 2019 ஏப்ரல்லேருந்து செக் சட்டத்துல ஒரு வழி வந்திருக்கு. மாத்தற கடைல மோசமான ரேட்ல மாட்டிக்கிட்டா மூணு மணி நேரத்துக்குள்ள அதே கடைக்குத் திரும்பப் போய் கேன்சல் பண்ணுன்னு கேக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்ல, கொருனாவைக் கொடுத்துட்டு யூரோவை வாங்கிட்டு வரலாம். 1,000 யூரோ மதிப்பு வரைக்கும்தான். அதுக்கு மேல ஒரே தடவைல மாத்தினா இந்த உரிமை இல்ல. ரசீது கைல இருக்கணும், அதுல நேரம் அச்சாகியிருக்கும், அதனால வாங்கின உடனே கசக்கிப் போடாம பர்ஸ்ல வைங்க. கவுன்டர்ல இருக்கறவன் இங்கிலீஷ் தெரியாத மாதிரி நடிப்பான், மேனேஜர் இல்லம்பான், மூணு மணி நேரத்தை அப்படியே ஓட்டப் பாப்பான். "செக் நேஷனல் பேங்க்"னு சத்தமா சொல்லுங்க, அவங்கதான் இவங்களுக்கு லைசென்ஸ் கொடுக்கற இடம். ஆனா இந்த உரிமை கடைக்கு மட்டும்தான், ஏடிஎம்முக்குக் கிடையாது, ரோட்ல நிக்கறவனுக்கு சுத்தமா கிடையாது. சரி, மூணு மணி நேரத்துல யாருக்கு இது ஞாபகம் வரும்? ஊர் பாக்க வந்தவங்க கோட்டை மேல நின்னு போட்டோ எடுத்துட்டு இருப்பாங்க, ஹோட்டலுக்கு வந்து ராத்திரி கணக்கு பாக்கும்போதுதான் வயிறு எரியும். மோசமான ரேட்டையே தடை பண்ணித் தொலைக்காம, ஏமாந்தவனை ஓடி வரச் சொல்றது என்ன சட்டமோ.

ரோட்ல நிக்கறவன்னு சொன்னேனே, வென்செஸ்லாஸ் ஸ்கொயர் பக்கம் ஒருத்தன் நல்லா டிரெஸ் பண்ணிட்டு வந்து "நான் கடையை விட நல்ல ரேட் தரேன்"னு சொல்வான். அவன் கொடுக்கறது கொருனாவே இருக்காது, ஹங்கேரி நோட்டு, இல்லன்னா எப்பவோ செல்லாமப் போன பெலாரஸ் நோட்டு. புதுசா வந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? பதிலே சொல்லாம நடந்துருங்க.

அப்போ காசு எப்படின்னா, கார்டு. ப்ராக்ல கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் கார்டைத் தட்டினா போதும், டிராம் டிக்கெட் உட்பட. டிராம் உள்ளயே கார்டு மெஷின் இருக்கும், அதுல வாங்கற டிக்கெட்ல நேரம் ஏற்கனவே அடிச்சிருக்கும். பேப்பர் டிக்கெட்டை வேற இடத்துல வாங்கினாத்தான் மஞ்சப் பொட்டில விட்டு முத்திரை குத்தணும், குத்தாம வச்சிருந்தா டிக்கெட்டே இல்லாத மாதிரிதான், செக்கர்கிட்ட ரிட்டயர்டு டீச்சர்னு சொன்னாலும் அபராதம் கட்டித்தான் ஆகணும்.

எந்த கார்டு? யூரோ போட்ட ஃபாரெக்ஸ் கார்டு ஜெர்மனில நல்லது, ப்ராக்ல வேஸ்ட். அதுல கொருனா கிடையாது, யூரோலேருந்து கொருனாவுக்கு மாத்தறதுக்கு இன்னொரு சார்ஜ் போடுவாங்க. ரூபாயை யூரோவா மாத்தறப்ப ஒரு தடவை, யூரோவைக் கொருனாவா மாத்தறப்ப இன்னொரு தடவை. ஏஜென்ட் ஏன் இதையே சொல்றார்ன்னா, கார்டு லோடு பண்ணா அவருக்கு கமிஷன் உண்டு. நோகாம நொங்கு திங்கறது இதான். உங்க சொந்த பேங்க் டெபிட் கார்டு இருந்தாலே போதும், இங்கயும் மார்க்கப்னு 3.5% வரைக்கும் போட்டு அதுக்கு மேல ஜிஎஸ்டியும் புடிப்பாங்க, அதை நாப்பது பக்க கண்டிஷனுக்குள்ள ஒளிச்சு வச்சிருப்பாங்க, ஆனா ரெண்டு தடவை மாத்தற கூத்து இல்ல. பையன்கிட்ட ஜெர்மன் பேங்கோட விசா இல்லன்னா மாஸ்டர் கார்டு இருந்தா அதுலயே செலவு பண்ணச் சொல்லிட்டு பின்னாடி கணக்கு தீத்துக்கறது எல்லாத்தையும் விட சுலபம்.

கெளம்பறதுக்கு முன்னாடி பேங்க் ஆப்ல வெளிநாட்டு உபயோகத்தை ஆன் பண்ணிருங்க. கடை, ஏடிஎம், கார்டு தட்டறது, மூணுக்கும் தனித்தனி ஸ்விட்ச், ஒண்ணை மட்டும் போட்டுட்டு அங்க போய் கார்டு வேலை செய்யலன்னு முழிக்கறவங்கதான் ஜாஸ்தி. நாலு இலக்க பின் ஞாபகம் இருக்கணும்.

இப்ப நான் தொண்டை கிழியக் கத்தற விஷயத்துக்கு வரேன். ஹோட்டல்ல பில் 890 கொருனா. வெயிட்டர் மெஷினை நீட்டுவார், ஸ்கிரீன்ல ரெண்டு வரி இருக்கும், ஒண்ணு 890 கொருனா, இன்னொண்ணு ரூபாய்ல ஒரு தொகை. ரூபாயைப் பாத்ததும் நம்ம ஊர்க் காசு, புரியுதுன்னு அதைத் தொடாதீங்க. அது அந்த மெஷின்காரன் போட்ட ரேட், உங்க பேங்க் ரேட்டை விட கிட்டத்தட்ட எப்பவுமே மோசம், அதுக்கு மேல நம்ம ஊர்ல பல பேங்க் அதுக்கும் தனியா ஒரு சார்ஜ் வாங்கும். கொருனாவைத் தொடுங்க. சில வெயிட்டர் அவரே ரூபாயை அமுக்கிட்டு நீட்டுவார், "நோ, கொருனா"ன்னு சொல்லித் திரும்ப அடிக்கச் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க. பையன் கார்டுன்னா ரூபாய்க்கு பதிலா யூரோ காட்டும், அதுவும் அதே வேலைதான்.

ஏடிஎம்ல இது இன்னும் விஷமம். "இந்த ரேட் உங்களுக்கு உறுதி"ன்னு ஒரு ஸ்கிரீன் வரும், பச்சைல பெருசா "அக்செப்ட் கன்வர்ஷன்", ஓரமா மங்கலா "டிக்லைன் கன்வர்ஷன்". டிக்லைன் அமுக்கினா காசே வராதோன்னு எல்லாரும் பயப்படறாங்க. வரும். கன்வர்ஷன்தான் கேன்சல் ஆகும், காசு எடுக்கறது கேன்சல் ஆகாது. "நிச்சயமா வேண்டாமா?"ன்னு இன்னொரு ஸ்கிரீன்ல மிரட்டும், அப்பவும் டிக்லைன்தான். பேங்க் பேர் இல்லாம கடை வாசல்லயும் சந்து முனையிலயும் நிக்கற மெஷின்களை விட்டுட்டு, சேஸ்கா ஸ்போர்ஜிதெல்னா, கொமெர்ச்னி பாங்கா மாதிரி நிஜ பேங்க் கட்டிடச் சுவத்துல இருக்கறதுக்குப் போங்க, அதுவும் பேங்க் திறந்திருக்கற நேரத்துல. அங்கயும் கன்வர்ஷன் கேப்பாங்க, அங்கயும் டிக்லைன். இன்னொண்ணு, 2,000 அடிச்சா ஒரே நோட்டா துப்பும், அதை வச்சுக்கிட்டு இருபது கொருனா டாய்லெட்டுக்கு நின்னா கதை கந்தல். 1,900ன்னு அடிங்க, சின்ன நோட்டா வரும். மூணு பேருக்கு நாலு நாளுக்கு கேஷ் அவ்வளவுதான் வேணும், டாய்லெட், மார்க்கெட் கடை, டிப்ஸ். எமர்ஜென்சிக்குன்னு ஒரு இருநூறு யூரோ தனியா பைல இருக்கட்டும், அதை ப்ராக்ல மாத்தாதீங்க, திரும்ப ஜெர்மனிக்குத்தானே போறீங்க.

உங்க வீட்டுக்காரர் அசைவம், நீங்க சைவம்னு எழுதிருக்கீங்க. ஓல்ட் டவுன் ஸ்கொயர்ல கம்பில சுத்திட்டு இருக்கற பன்னி இறைச்சி, வாசனை தூக்கும். போர்டுல இருக்கற விலை 100 கிராமுக்கு. வெட்டறவன் கேக்காமலே முந்நூறு கிராமுக்கு மேல குவிச்சுட்டு தராசுல வைப்பான். "ஒன் ஹண்ட்ரட் கிராம்ஸ்"னு கத்தி வைக்கறதுக்கு முன்னாடியே சொல்லணும், இல்லாட்டி சதுக்கத்தை விட்டு ரெண்டு தெரு தள்ளிப் போய் உக்காந்து சாப்பிடணும். உங்களுக்கு ஸ்மாஷெனி சீர்னு பொரிச்ச சீஸ் எல்லா இடத்துலயும் கிடைக்கும்.

முட்டி வலின்னும் எழுதிருக்கீங்க, அதுக்கு ஏஜென்ட் சொன்ன கோட்டை டூர் பஸ் எதுக்கு? 22ம் நம்பர் டிராம் ப்ராக் கோட்டை ஸ்டாப் வரைக்கும் மேலயே ஏத்தி விட்டுரும். கோட்டை வளாகத்துக்குள்ள நடக்கக் காசு இல்ல, செயின்ட் வைட்டஸ் தேவாலயத்தை உள்ள முழுசா பாக்கணும்னாத்தான் டிக்கெட். 1344ல ஆரம்பிச்சு 1929லதான் முடிச்சாங்க, நம்ம ஊர் மேம்பாலத்துக்கே மனசு ஆறிரும். தெரு முழுக்க கருங்கல் பதிச்சது, செருப்பு வேண்டாம், கெட்டி ஷூ போடுங்க. சார்லஸ் பாலத்துக்கு விடியக்காலைல போங்க, முப்பது சிலையையும் நிதானமா பாக்கலாம், பத்து மணிக்கு மேல போனா முதுகுகளைத்தான் பாப்பீங்க. 1410ம் வருஷத்து வானியல் கடிகாரம் மணி அடிக்கும்போது எல்லாரும் அண்ணாந்து பாப்பாங்க, பிக்பாக்கெட்காரன் மட்டும் கீழ பாப்பான், ஹேண்ட்பேக்கை முன்னாடி போட்டுக்கோங்க.

மிச்சமான கொருனாவை கடைசி நாள் சூப்பர் மார்க்கெட்ல தீத்துருங்க, முதல்ல சில்லறையைத் தள்ளுங்க. நோட்டையாவது பின்னாடி எங்கயாவது மாத்தலாம், நாணயத்தைக் காசு மாத்தற கடைக்காரன் எவனும் வாங்க மாட்டான்.