வளவுக்குள் வந்த வியாபாரி

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். பழைய பொருள் சேகரிப்பவர்களுக்காக நானும் இரண்டு நண்பர்களும் ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறோம். எனாமல் பாத்திரம், பீங்கான் ஜாடி, தீப்பெட்டிப் படம், பழைய காலண்டர், கடைகளின் தகரப் பலகை என்று எல்லாம் பேசுவோம். ஆறு பேரோடு தொடங்கியது, இப்போது எழுநூறைத் தாண்டிவிட்டது. சிக்கலும் அதோடு வந்தது. கடைக்காரர்கள் தங்கள் சரக்கைப் படமெடுத்துப் போடுகிறார்கள். இப்படியே போனால் வெளியேறிவிடுவோம் என்று பலர் சண்டைக்கு வருகிறார்கள். அதனால் வியாபாரப் பதிவே கூடாது என்று விதி வைத்தோம். போன மாதம் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் பெரியவர் ஒருவர் தன் தொலைபேசி எண்ணை இரண்டு தடவை போட்டார். அவரையும் நீக்க வேண்டியதாயிற்று.

இப்போது பழைய பாணி வீட்டுச் சாமான் விற்கும் பெரிய நிறுவனம் ஒன்று எங்கள் ஆண்டுச் சந்திப்புக்கு மண்டபச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறது. பதிலுக்கு மாதம் நான்கு விளம்பரம் போட வேண்டும். எங்கள் குழுவிலேயே நல்ல விஷயஞானம் உள்ள ஒருவர்தான் இதற்கு ஏற்பாடு செய்தவர். எந்தப் பொருளைக் காட்டினாலும் அதன் வயதையும் ஊரையும் சொல்லிவிடுவார். யாராவது விற்க நினைத்தால் தனியாகப் பேசி அவரே வாங்கிக்கொள்வதும் உண்டு. பொழுதுபோக்குக் குழுக்களில் நிறுவனங்கள் விளம்பரம் செய்வது சரியா?

(பெயரை நான்தான் எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது பதில் எழுதத் தோன்றவில்லை. எழுநூறு பேர் அடித்துக்கொள்வதற்கு நான் என்ன பஞ்சாயத்துப் பண்ணுவது? இரண்டாம் தடவை படித்தபோதுதான் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட இரண்டு ஆட்கள் கண்ணில் பட்டார்கள். ஒருவர் நீங்கள் வெளியே அனுப்பிய ஈயம் பூசுகிறவர். இன்னொருவர் நீங்கள் உள்ளே வைத்துப் போற்றுகிற விஷயஞானி. என் ஆயாவை, அதாவது அம்மாவைப் பெற்றவரைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டது.

சில்லறையை முதலில் எண்ணிவிடுவோம். மண்டபச் செலவுக்கா நிறுவனம் வேண்டும்? எழுநூறு பேர் தலைக்கு நூறு ரூபாய் போட்டால் எழுபதாயிரம். ஒரு நாள் சாப்பாட்டுக்காக வருடம் முழுக்க நாற்பத்தெட்டு விளம்பரத்தைச் சுமப்பதைவிட அது மலிவு. வெளியேறிவிடுவோம் என்று மிரட்டுகிறவர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவர்கள் போக மாட்டார்கள். இருந்தால்தானே மிரட்ட முடியும்!

அப்புறம், விளம்பரம் என்றாலே தீட்டு மாதிரி பேசுவதை நிறுத்துங்கள். உங்கள் ஆட்களில் பாதிப்பேர் சேகரிப்பதே விளம்பரத்தைத்தான். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து 1923இல் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். எழுத்துத் தெரியாதவரும் படத்தின் பேரைச் சொல்லிக் கடையில் கேட்டு வாங்கட்டும் என்றுதான் பெட்டிமேல் படம் ஒட்டி விற்றார்கள். குச்சி தீர்ந்ததும் தெருவில் கிடந்த அந்தப் படத்தைத்தான் இன்று நீங்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைபடாமல் வைத்திருக்கிறீர்கள். தகரப் பலகைக் கதையும் இதேதான்.

குழுவில் விளம்பரம் என்கிற சண்டையும் புதிதில்லை. 1994 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கேன்டர், சீகல் என்று ஒரு வழக்கறிஞர் தம்பதி, கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிறோம் என்று அந்தக் கால இணைய விவாத மேடையான யூஸ்நெட்டின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களில் ஒரே விளம்பரத்தைக் கொட்டினார்கள். யார் வீடு, அங்கே என்ன பேச்சு நடக்கிறது என்றெல்லாம் பார்க்கவில்லை. வசவுக் கடிதங்கள் குவிந்து, அவர்களுக்கு இணைய இணைப்புக் கொடுத்திருந்த நிறுவனத்தின் கணினியே திணறியது. அந்த நிறுவனம் அவர்கள் கணக்கை மூடியது. நல்லா வேண்டும்தான். ஆனாலும் நாங்கள் வக்கீல்கள், இது எங்கள் ஆபீஸ் என்று சொல்லிக்கொண்டுதான் அவர்கள் வந்தார்கள். தெருவில் நின்று கத்துகிறவனை எனக்குப் பிடிக்காது, ஆனால் பயமில்லை. கதவைச் சாத்திக்கொள்ளலாம். சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்து, நம்மைவிட நம் சாமானை அதிகமாக நேசிக்கிறவன் வருகிறான் பாருங்கள், அவனைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

செட்டிநாட்டு வீட்டில் வியாபாரத்துக்கு இடம் இல்லாமலா இருந்தது? வீடு எழுந்ததே வியாபாரக் காசில்தானே. பர்மாத் தேக்கும் இத்தாலிய மார்பிளும் சும்மா வந்து இறங்கவில்லை. ஆனால் வியாபாரம் முகப்போடு நின்றுவிடும். கணக்குப் பார்க்க வந்தவர், வட்டி கட்ட வந்தவர், நெல் விலை பேச வந்தவர் எல்லாரும் திண்ணையிலோ பட்டாலையிலோ உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். நிலைக்கதவைத் தாண்டி வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றத்துக்குள் வருகிறவர் ஒன்று பங்காளி, இல்லை சம்பந்தக்காரர், அதுவும் இல்லையென்றால் விருந்தாளி. வளவில் உட்கார்ந்தவரிடம் யாரும் விலை சொல்வதில்லை, கேட்பதும் இல்லை.

என் ஆயா வீடு பள்ளத்தூரில். வளையல்காரரோ உப்புக்காரரோ வந்தால் ஆயா திண்ணைக்கு வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேரம் பேசுவார். அரையணாக் காலத்துப் பழக்கம், பைசாக் காலம் வந்த பிறகும் விடவில்லை. பேரம் முடிந்ததும் வந்தவருக்கு மோர் கொடுத்து அனுப்புவார். இரண்டு தரப்புக்கும் அதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறையில் மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்தார். தெரிந்தவர் ஒருவரின் கடிதத்தோடு வந்தார். முதல் நாள் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பழைய சாமான் என்றால் தனக்கு உயிர் என்றார். தன் பாட்டி வீட்டிலும் இதே மாதிரி எனாமல் அடுக்கு இருந்தது என்று சொல்லிக் கண் கலங்கினார். மறுநாள் ஆயாவே அவரை வளவுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து வெள்ளைப் பணியாரம் வைத்தார். அப்புறம் வருடத்துக்கு இரண்டு தடவையாவது வந்துவிடுவார். ஒவ்வொரு சாமானுக்கும் பேர் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். ஐயா, அதாவது ஆயாவின் வீட்டுக்காரர், ரங்கூன் கடையில் அடுத்தாளாக, உதவியாளாக இருந்த காலத்துக் கதைகளை எங்கள் மாமாக்கள்கூட அப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். பாத்திரத்தைக் கவிழ்த்து அடியில் இருக்கிற முத்திரையைப் பார்த்து எந்த நாட்டுச் சரக்கு என்று சொல்ல அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். இன்றைக்கும் யார் வீட்டில் காபி கொடுத்தாலும் குடித்து முடித்ததும் டம்ளரைக் கவிழ்த்துப் பார்க்கிறேன். வீட்டில் திட்டுகிறார்கள்.

அவர் ஒருநாளும் விலை கேட்டதில்லை. ஞாபகத்துக்கு ஏதாவது கொடுங்கள் ஆச்சி என்று ஒரு தடவை கேட்டார். ஆயா ஐயாவின் பித்தளை வெற்றிலைப் பெட்டியைக் கொடுத்தார். இன்னொரு தடவை இரண்டு ஜாடி, அப்புறம் ஒரு நிலைக்கண்ணாடி. காசு நீட்டியிருந்தால் ஆயா கையை நீட்டியிருக்க மாட்டார், கொடுத்தும் இருக்க மாட்டார். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

சில வருடம் கழித்து மெட்ராஸில் ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில் அந்த வெற்றிலைப் பெட்டியைப் பார்த்தேன். நம் பக்கத்துச் சாமானில்தான் விலாசம் என்று பேரின் முதலெழுத்துகளை வெட்டியிருப்பார்களே, ஐயாவின் விலாசம் மூடியில் அப்படியே இருந்தது. பக்கத்தில் விலைச் சீட்டு. கடை அவருடையதுதான்.

ஊருக்குப் போய் ஆயாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “வாங்க வந்தேன்னு சொல்லியிருந்தா நானும் விலை சொல்லியிருப்பேன். எனக்கென்ன, பேரம் பேசத் தெரியாதா? விருந்தாளின்னுல்ல நெனச்சேன்” என்றார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த நல்லவர்களையும் ஆயா திண்ணையிலேயே வைத்துப் பேசி அனுப்பத் தொடங்கிவிட்டார். அந்த ஆள் எடுத்துக்கொண்டு போனதில் பெரிய சாமான் அதுதான் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இப்போது உங்கள் விஷயஞானிக்கு வருகிறேன். பொருளின் வயதைச் சொல்கிறவர் அவர், மதிப்பைச் சொல்கிறவர் அவர், தனியாகப் பேசி வாங்குகிறவரும் அவர். இதில் உங்களுக்கு ஒன்றுமே உறுத்தவில்லையா? தராசும் அவர் கையில், படிக்கல்லும் அவர் கையில். ‘இதெல்லாம் சாதாரணச் சரக்கு, நிறையக் கிடைக்கும்’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் எழுநூறு பேரும் நம்புவார்கள். அன்று ராத்திரி அதே பொருளை அவரே கேட்டால் விற்கிறவர் என்ன விலை சொல்வார்? இப்போது நிறுவனத்தையும் அழைத்து வருகிறார். அதற்கு அவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். விருந்தாளியிடம் யார் கேட்பது! பொருளைப் பரிந்துரைக்கிறவர் நிறுவனத்தோடு தனக்குள்ள தொடர்பைச் சொல்லிவிட வேண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022இல் வந்த வழிகாட்டுதலே சொல்கிறது. தொல்பொருள் விஷயத்தில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமை. நூறு வயது தாண்டிய சிற்பம், ஓவியம் போன்றவற்றை வாங்கி விற்கிற தொழிலுக்கு உரிமம் வேண்டும். வீடு இடிக்கிற இடத்திலிருந்து வருகிற சாமானெல்லாம் உங்கள் குழுவில் எப்படிக் கைமாறுகிறது என்று யாராவது பார்க்கிறீர்களா? சரி, அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஞானியை வெளியே தள்ளச் சொல்லவில்லை. அவருக்கு விஷயம் தெரியும், அது வேண்டும். ‘நான் வாங்கி விற்கிறவன்’ என்று எல்லார் முன்னாலும் ஒரு தடவை எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் அவரும் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும், நாமும் பேரம் பேசலாம். கடைக்காரர்களுக்கும் இதே கணக்குத்தான். ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்தவர்கள் பொதுக் காரியத்துக்கென்று வருமானத்தில் கொஞ்சம் மகமை எடுத்து வைத்தார்களே, கோயிலும் விடுதியும் அதில்தானே நடந்தன. உங்கள் குழுவில் விற்கிறவர் விற்ற காசில் கொஞ்சம் மகமை வைக்கட்டும். மண்டபத்துக்கு ஆயிற்று. (டியூப்லைட்டில் உபயம் எழுதுவது பிற்பாடு வந்த வியாதி. அதை அனுமதிக்காதீர்கள்.)

எனக்குக் கோபம் வந்தது ஈயம் பூசுகிறவர் விஷயத்தில். “அவரையும் நீக்க வேண்டியதாயிற்று” என்று எழுதியிருக்கிறீர்கள், ஏதோ மழை பெய்ததைச் சொல்வது மாதிரி. யார் நீக்கச் சொன்னது? நீங்கள் வைத்த விதிதானே, கல்லில் வெட்டியதா? எழுநூறு பேரில் எத்தனை பேர் வீட்டில் பித்தளைப் பாத்திரம் சும்மா கிடக்கிறது? ஈயம் இல்லாத பித்தளையில் புளி போட்டு ஒரு குழம்பு வைத்துப் பாருங்கள், களிம்பு என்றால் என்ன என்று வயிறு சொல்லும். அவர் கரி மூட்டி, துருத்தி ஊதி, பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவுவார். வெள்ளைப் புகை எழும்பும்போது வெள்ளீயத்தைத் தொட்டுவைத்துப் பழந்துணியால் ஒரு சுற்றுச் சுற்றுவார். கறுத்துக் கிடந்த பாத்திரம் உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில். அவரிடம் தெர்மாமீட்டர் கிடையாது, கண்தான். சூடு கூடினால் ஈயம் பொசுங்கும், குறைந்தால் ஒட்டாது. காரீயம் கலக்காமல் பூசுகிற ஆளா என்று பார்க்க வேண்டும், அது வேறு விஷயம்.

அந்த மனிதர் வந்து என்ன செய்தார்? தன் தொழிலைச் சொன்னார், எண்ணைப் போட்டார். ஒரு தடவை யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் இன்னொரு தடவை போட்டார். தெருவில் “ஈயம் பூசறதே” என்று குரல் கொடுத்துப் போகிறவர் இரண்டு தடவை குரல் கொடுக்க மாட்டாரா? பழசு பழசு என்று உருகுகிற ஒரு கூட்டத்துக்கு, பழைய பாத்திரத்தில் மறுபடி சமைக்க வழிசெய்கிற ஒரே ஆள் வந்து நின்றிருக்கிறார். விளம்பரம் என்று சொல்லி வாசலைச் சாத்தியிருக்கிறீர்கள். அதே நேரத்தில் உள்ளே இன்னொருவர் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

கோபமாக எழுதிவிட்டேன். ஆறு பேரோடு தொடங்கியதை எழுநூறு வரை காப்பாற்றிக் கொண்டுவந்தது சின்னக் காரியமில்லை, தெரியும். நிறுவனத்துக்கு என்ன பதில் சொல்வது என்று உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. அந்தப் பெரியவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் எண்ணை எனக்கு அனுப்புங்கள். ஆயாவின் பித்தளை அண்டா ஒன்று என்னிடம் இருக்கிறது. ஈயம் போய் மூன்று வருடமாகக் களிம்பேறிக் கிடக்கிறது. காரைக்குடி வரை வருவாரா, என்ன கேட்பார் என்று விசாரித்துச் சொல்லுங்கள். விலையை நான் பேசிக்கொள்கிறேன்.