ஜனவரியில் எப்படி ‘ஆகஸ்ட்’ அவை?

கேள்வி: கடந்த ஜனவரியில், மதுரையில் என் மகள் படிக்கும் கல்லூரியின் ஆண்டு விழாவுக்குச் சென்றிருந்தேன். ஆங்கிலத்தில் வரவேற்புரை ஆற்றிய பேராசிரியர், கூடியிருந்தோரை ‘ஆகஸ்ட் கேதரிங்’ என்று குறிப்பிட்டார். ஜனவரியில் கூடிய அவைக்கு ஆகஸ்ட் என்ற அடைமொழி எவ்வாறு பொருந்தும்? அச்சொல்லின் பொருளையும் பிறப்பையும் விளக்க வேண்டுகிறேன்.
– வாசகி ஒருவர், திருமங்கலம்

பதில்: பேராசிரியர் சொன்னதில் பிழையில்லை, அம்மா. மாதப் பெயரும் இந்தப் பெயரடையும் எழுத்தில் ஒன்றே. மாதத்தைச் சொல்லும்போது முதல் அசையையும், பெயரடையாகச் சொல்லும்போது இரண்டாம் அசையையும் அழுத்தி ஒலிக்க வேண்டும். நம் மேடைகளில் இரண்டும் ஒரே விதமாக ஒலிப்பதால்தான் தங்களுக்கு இந்த ஐயம் எழுந்திருக்கிறது.

காண்போர் மனத்தில் மதிப்பையும் பணிவையும் ஒருங்கே எழுப்பும் பெருமை உடையது என்பதே இதன் பொருள். ‘மாண்பு மிக்க அவை’ என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் பதினேழாம் நூற்றாண்டு முதல் வழங்கும் இச்சொல், ‘ஆகஸ்டஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதனை, வளர்த்தல், பெருகச் செய்தல் என்னும் பொருளுடைய ஒரு லத்தீன் வினையோடு தொடர்புபடுத்துவர். விலை ஏறிக்கொண்டே போகும் ஏலத்துக்கு ‘ஆக்‌ஷன்’ என்று பெயர் வந்ததும் அவ்வினையிலிருந்தே. இந்தப் பொருள் வளர்ச்சி தமிழருக்குப் புதிதன்று. ‘பெரு’ என்னும் அடியிலிருந்துதான் நமக்குப் பெருமையும் பெருந்தகையும் பிறந்தன. வயதிலும் அறிவிலும் மூத்தவரைப் ‘பெரியவர்’ என்று நம் ஊர்களில் அழைக்கும்போது, உருவத்தின் அளவையா சொல்கிறோம்?

கோயில் போன்ற புனித இடங்களுக்கு வழங்கிவந்த ‘ஆகஸ்டஸ்’ என்னும் அச்சொல்லை, ரோமானிய ஆட்சி மன்றம், ரோமின் முதல் பேரரசரான ஆக்டேவியனுக்குப் பட்டமாகச் சூட்டிய நாள் கி.மு. 27 ஜனவரி 16. ஆகவே ஜனவரிக்கும் இச்சொல்லுக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது! பின்னர் கி.மு. 8-இல், மார்ச்சில் தொடங்கிய பழைய ரோமானிய ஆண்டுக் கணக்கின்படி ஆறாம் மாதம் என்னும் பொருளில் ‘செக்ஸ்டிலிஸ்’ எனப்பட்ட மாதத்துக்கு அவரைச் சிறப்பிக்கும் வகையில் ஆகஸ்டஸ் என்று பெயர் மாற்றினார்கள். அதாவது, மாதத்திலிருந்து பெயரடை வரவில்லை. பெருமையைக் குறித்த சொல்லே ஒரு மன்னரின் பட்டமாகி, அதன் பிறகு மாதப் பெயரும் ஆயிற்று.

இச்சொல்லை அளவறிந்து ஆள வேண்டும் என்பது என் கருத்து. சட்டமன்றத்துக்கும் சான்றோர் பேரவைக்கும் இது பொருந்தும். நாலு பேர் கூடிப் பேசும் கூட்டத்துக்கு இதைச் சூட்டினால் சொல்லின் மதிப்பே குறைந்துபோகும். தனி ஒருவர் பெயருக்கு முன்னால் ‘திரு’ போல இதைச் சேர்க்கும் வழக்கமும் இல்லை.

மதுரை வாசகர்களுக்காக இன்னொரு செய்தி. ‘பாண்டியோன்’ என்னும் அரசர், வேறு சிலர் கூற்றுப்படி போரஸ், அந்த ஆகஸ்டஸுக்குத் தூதும் பரிசும் அனுப்பியதாகக் கிரேக்க நிலவியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். இப்பாண்டியோன் நம் பாண்டிய மன்னர் என்பது அறிஞர் பலர் கொள்ளும் கருத்து. ஸ்ட்ராபோ எழுதிய கிரேக்க மொழியில் ஆகஸ்டஸுக்கு ஈடான சொல் ‘செபஸ்தோஸ்’. அப்பட்டத்தால் ‘செபஸ்தே’ என்று பெயர் பெற்ற நகரத்தைச் சேர்ந்தவர் என்னும் பொருளில் அமைந்ததே, நம் பக்கத்துக் கிறித்தவக் குடும்பங்களில் பரவலாக வைக்கப்படும் செபஸ்தியான் என்ற பெயர்.